விடிகாலை இரண்டு மணிக்கு எந்த அலுவலகம் திறந்திருக்கும்?

3 ஜூலை 2024, புதன்

இன்று காலை உணவு பொங்கல். பரிமாறும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அந்த ஏழாம் வகுப்புப் பொண்ணு தம்பியை உட்கார வெச்சுட்டுத் தட்டையே பாத்துட்டு நிக்குது" என்றார். காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். மூன்றாவது படிக்கும் தம்பிக்கு உண்டு, அவளுக்கு இல்லை. மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி வைத்திருக்கிறார் அக்கா. கணக்கில் வராத கரண்டி.

வகுப்பில் அவள் மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவதைப் பார்த்து இரண்டு முறை திட்டியிருக்கிறேன். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன், இரட்டைப் பின்னல் என்று வைத்துக்கொள்வோம்.

5 ஜூலை, வெள்ளி

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஜூன் 10 பள்ளி திறந்த நாளிலிருந்து ஒழுங்காக வந்தவள், மூன்றாம் வாரத்திலிருந்து தாமதம், விடுப்பு. ஜூன் 14 இரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை, காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேனாம்!

மாலை வீட்டுக்குப் போனேன். அம்மா இரவு இரண்டு மணிக்கு ஏலத்துக்குக் கிளம்புகிறார், கூடையில் மீன் விற்றுவிட்டுத் திரும்பப் பதினொன்றாகும். அப்பா இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் இல்லை. ஒன்றரை வயதுப் பாப்பாவை விடிய விடியப் பார்ப்பது இவள்தான். பிறகு தம்பியைக் குளிப்பாட்டி, பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறாள்.

9 ஜூலை, செவ்வாய்

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தேன். மூன்று நாள் யோசித்த பிறகுதான். அந்த அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டேன். "புள்ளைங்கள இட்டுனு பூடுவாங்களா டீச்சர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காப்பகம் கடைசி வழி என்று 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது என்றேன். சட்டம் சொல்வதை வைத்து யாருக்குத் தூக்கம் வரும், அது வேறு விஷயம்.

11 ஜூலை, வியாழன்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு பெண் வந்தார், சாதாரணச் சுடிதாரில். திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் மீன் விலைதான் பேசினார். நல்ல ஆள்.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் கிடைக்கும் நிதி ஆதரவு பற்றிச் சொன்னார். குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000-க்குள் இருக்க வேண்டும். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று காட்டிவிடலாம். போய்விட்ட அப்பாவுக்கு? கணவனால் கைவிடப்பட்டவர் என்று சான்று வாங்க வேண்டும்.

அங்கன்வாடியிலும் கேட்டேன். இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்பார்களாம், அதுவும் காலையில் திறந்த பிறகுதான். பாப்பாவுக்கு இப்போதைக்கு இணை உணவு மாவு மட்டும்.

18 ஜூலை, வியாழன்

சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு அந்த அம்மாவோடு போனேன். வருமானச் சான்று எங்கே என்றார்கள். அதற்குப் போனால் குடும்ப அட்டையில் கணவர் பெயர் இருக்கிறதே என்றார்கள். ஒரு நாள் வியாபாரம் போச்சு அவருக்கு.

26 ஜூலை, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், எல்லோருக்கும் அந்தத் தெரு தெரியும். பெயர் சொல்லாமல்தான் ஆரம்பித்தேன், இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். மூன்றாவது வீட்டு ஆயா இனி இரவில் அங்கேயே வந்து படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பேசி முடித்தது ஒரு உறுப்பினரின் மாமியார் வழியாக. இதற்கு எந்தப் படிவமும் கிடையாது. பாதுகாப்பு அலகுப் பெண்ணிடம் சொன்னேன், "அதையும் அறிக்கையில் எழுதிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை ஆடிக் கிருத்திகை. ஆயா திருத்தணி போய்த் திரும்ப மூன்று நாளாகுமாம். அந்த மூன்று இரவுக்கு யார் என்று கேட்க நாளை காலை மறுபடி அந்தத் தெருவுக்குப் போக வேண்டும்.