மயக்கவியல் முதுநிலைப் பயிற்சி: கோவிட் கால நாட்குறிப்பு

27 மார்ச் 2020

ஊரடங்கின் மூன்றாம் நாள். அவசரமில்லாத ஆபரேஷன்கள் எல்லாம் நின்றுவிட்டன. தொற்றுள்ளவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடுவது இனி சீனியர் மட்டுமே. ஒவ்வொரு மறுமுயற்சியும் அறையில் நுண்துளிகளைக் கூட்டும் என்பதால் முதல் முயற்சியிலேயே டியூப் இறங்கியாக வேண்டும். நோயாளிக்கும் மாணவருக்கும் இதுவே பாதுகாப்பு. ஆனால் மூன்றாண்டு எம்.டி. படிப்பில் கை பழகவேண்டிய வேலையே இதுதான். எவ்வளவு இழக்கிறார்கள் என்று இன்றிலிருந்தே ஆள்வாரியாகக் குறித்து வைக்கிறோம்.

6 ஏப்ரல் 2020

மேனிகினில் (பயிற்சிப் பொம்மையில்) பயிற்சி, முழு பிபிஇ (பாதுகாப்பு உடை) அணிந்துதான். சாதாரண உடையில் பழகுவதால் பலனில்லை. கண்ணாடியில் ஆவி படர்வது, எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காதது, ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாதது என எல்லாச் சிக்கலும் உடையோடுதான் வருகின்றன.

டியூப் போடும் வரிசை இது. 3 முதல் 5 நிமிடம் முழு ஆக்சிஜன். மாஸ்க்கை ஒருவர் இரு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். தசைகளைத் தளர்த்தும் மருந்தான ரோகுரோனியம், உடல் எடை கிலோவுக்கு 1.2 மி.கி. காற்றூட்டும் பேக்கை அழுத்தாமல் ஒரு நிமிடம் பொறுத்து, வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் (தொண்டையைத் திரையில் காட்டும் கருவி) டியூப். கஃப் (டியூப்பைச் சுற்றியுள்ள பலூன்) ஊதிய பிறகே முதல் மூச்சு. டியூப் சரியான இடத்தில் இருப்பதைக் கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி) அலையில் உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதற்றத்தில் கஃப் ஊதுமுன்பே பேக்கை அழுத்திவிடுகிறார்கள். சர்க்யூட்டை (வென்டிலேட்டர் குழாய்களை) கழற்றும்போது கிருமி ஃபில்டரையும் சேர்த்துக் கழற்றுகிறார்கள். ஃபில்டர் நோயாளி பக்கமே இருக்க வேண்டும். வென்டிலேட்டரை ஸ்டாண்ட்பையில் போட்டு, டியூப்பைக் கிளாம்ப் செய்த பிறகே கழற்ற வேண்டும். இந்த வரிசை எழுதிய அட்டையைப் பார்த்து ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் செய்வது என்று மாற்றியிருக்கிறோம்.

பிபிஇயைக் கழற்றும்போதும் அப்படியே, எதிரில் ஒருவர் நின்று சொல்ல வேண்டும். களைத்துப்போன நேரத்தில் கை தானாக முகத்துக்குப் போகும்.

15 ஜூலை 2020

மாணவர்களுக்கு மாதக் கணக்கில் போஸ்டிங் போடுவதைக் கைவிட்டோம். பிரசவம் ஊரடங்குக்காகக் காத்திருப்பதில்லை. சிசேரியனுக்கு ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது) எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. குழந்தைகளின் டான்சில் ஆபரேஷனும் மூட்டு மாற்று ஆபரேஷனும் நின்றதால், குழந்தைகளுக்கு டியூப் போடுவதும் எபிடியூரலும் (முதுகில் மெல்லிய குழாய்வழி மரத்துப்போக வைப்பது) லாக்புக்கில் (செய்த வேலைகளைக் குறிக்கும் ஏடு) காலியாக இருக்கின்றன. இப்போது சனிதோறும் லாக்புக்கைப் பார்த்து, எதில் யார் பின்தங்கியிருக்கிறாரோ அவருக்கே அடுத்த வாய்ப்பு. புற்றுநோய் ஆபரேஷன்களில் முதல் உரிமை இறுதியாண்டுக்கு.

தீசிஸ்: நோயாளிகள் வராததால் மாதிரி எண்ணிக்கையைப் பாதியாக வெட்டக் கேட்கிறார்கள். அது கூடாது. கேள்வியை மாற்றி, எண்ணிக்கையைப் புதிதாகக் கணக்கிட்டு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை மறுபடி வாங்க வேண்டும்.

5 மே 2021

முதுநிலை நுழைவுத்தேர்வு குறைந்தது நான்கு மாதம் தள்ளிப்போகும் என்று நேற்று முன்தினம் அறிவிப்பு. புதிய அணி வராது. இருப்பவர்கள் மீதே முழுச் சுமையும். இறுதியாண்டினரைப் படிக்க விடாமல் டியூட்டியிலேயே வைத்திருப்பது அநியாயம். வாரத்தில் ஒரு முழு நாளாவது அவர்களுக்கு ஒதுக்கியாக வேண்டும்.

இன்றைய வகுப்பு ஆக்சிஜன் கணக்கு. டி வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். ஹை ஃப்ளோவில் (மூக்குவழி அதிக வேகத்தில் ஆக்சிஜன் தருவது) முழு ஆக்சிஜன் நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 15 லிட்டர் மாஸ்க்கில் ஏழரை மணி நேரத்துக்கு மேல் வரும். பைப்லைன் அழுத்தம் குறையும்போது யாரை எதற்கு மாற்றுவது என்பதைக் கட்டிலருகே நிற்பவர் மனக்கணக்காகச் சொல்ல வேண்டும்.

ஹை ஃப்ளோ போதுமா, டியூப் தேவைப்படுமா என்று கணிக்க உதவும் ராக்ஸ் எண்ணும் அப்படியே. இரத்த ஆக்சிஜன் செறிவு 92, தரும் காற்றில் ஆக்சிஜன் பங்கு 0.6, மூச்சு நிமிடத்துக்கு 32 என்றால் 92-ஐ 0.6-ஆல் வகுத்து, மறுபடி 32-ஆல் வகுத்தால் 4.79. எல்லை 4.88; அதற்குக் கீழே போனால் கவனம். ஒரே அளவை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஹை ஃப்ளோ தொடங்கி 2, 6, 12 மணி நேரத்தில் போக்கைப் பார்க்க வேண்டும். செறிவு 92 இருக்கிறதே என்று நிம்மதியாகி மூச்சை எண்ணாமல் விடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

21 பிப்ரவரி 2022

புதிய முதலாண்டினர் வரத் தொடங்கிவிட்டார்கள். முதல் மாதம் அவர்களை ஐசியூவுக்கு அனுப்புவதில்லை. தியேட்டரில் மாஸ்க் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறோம். லாக்புக்கின் சனிக்கிழமைச் சரிபார்ப்பு அவர்களுக்கும் உண்டு.