1932: லார்ட்ஸில் ஒரு கோலாலம்பூர்க்காரர்

1932-இல் விளையாட்டு உலகில் என்ன நடந்தது என்று கேட்டால் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் கதைதான் முதலில் வரும். ஹாக்கியில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று அடித்தது, அதில் ரூப் சிங் 10 கோல், அண்ணன் தியான் சந்த் 8 கோல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஹாக்கிக்கு வந்ததே மூன்று அணிகள். பொருளாதார மந்த நேரத்தில் அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப யாரிடம் காசு இருந்தது?

எனக்கு அந்த வருடத்தில் பிடித்தது ஒரு ரன் அவுட்.

ஜூன் 25, லண்டன் லார்ட்ஸ் மைதானம், இந்தியாவின் முதல் கிரிக்கெட் டெஸ்ட், கேப்டன் சி.கே. நாயுடு. இங்கிலாந்துக்குத் தொடக்க ஆட்டக்காரர்கள் சட்கிளிஃபும் ஹோம்ஸும். இந்த இருவரும் யார்க்‌ஷயருக்காகச் சேர்ந்து 555 ரன் குவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. முகமது நிசார் இரண்டு பேரையும் போல்டாக்கிவிட்டார். அடுத்து ஃபிராங்க் வூலி ஓடும்போது பந்து லால் சிங் கையில் போனது, அவ்வளவுதான், ரன் அவுட், 19 ரன்னுக்கு மூன்று விக்கெட்.

அந்த லால் சிங் நம்ம கோலாலம்பூரில் 1909-இல் பிறந்த சீக்கியர். இங்கே ஆடி வளர்ந்து, இந்தியாவுக்குப் போய்த் தேர்வு ஆட்டங்களில் பெயர் வாங்கி, 22 வயதில் லார்ட்ஸ் போய்ச் சேர்ந்தார். மட்டையிலும் சும்மா இல்லை: இரண்டாவது இன்னிங்ஸில் அமர் சிங்கோடு சேர்ந்து 40 நிமிடத்தில் 74 ரன், அதில் இவர் எடுத்தது மொத்தம் 29 என்றாலும் தோற்கிற ஆட்டத்தில் அந்த வேகம் யாருக்கு வரும்? இந்தியா 158 ரன்னில் தோற்றது. அதற்குப் பிறகு அவருக்கு டெஸ்டே கிடைக்கவில்லை.

அப்போது யார் எந்த நாட்டுக்காரர் என்பதே ஒரு குழப்பம். மலாயாவில் பிறந்தவர் இந்தியாவுக்கு ஆடுகிறார். பட்டோடி நவாப் இங்கிலாந்துக்கு ஆடுகிறார், அதே டிசம்பரில் சிட்னியில் தன் முதல் டெஸ்டிலேயே 102 அடித்தும் இரண்டு டெஸ்டோடு வெளியே உட்கார வைத்தார்கள் (கேப்டன் ஜார்டின், ஆட்டக்காரர் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய அந்த 'பாடிலைன்' தொடர்தான், லார்ட்ஸிலும் அவர்தான் கேப்டன்). இங்கே ரப்பர் விலை விழுந்ததும், தோட்டங்களில் வேலை போன தமிழர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விலை ஏறும்போது வா, இறங்கும்போது போ. லால் சிங் இந்தியாவுக்குப் போனதற்கும் அவர்கள் போனதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சரி, அவர் கதைக்கே வருவோம். பிற்காலத்தில் கோலாலம்பூருக்கே திரும்பி, சிலாங்கூர் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் வேலை பார்த்தார், 1985-இல் இங்கேயே காலமானார். கிளப்புக்கு எதிரே இருக்கும் பழைய பாடாங்தான் இன்றைய டத்தாரான் மெர்டேக்கா. சுதந்திரக் கதை சொல்ல வெளியூர் உறவினர்களை அங்கே கூட்டிப்போகிறோம், இவர் கதையை யாரும் சொல்வதில்லை.

2008-இல் விராட் கோஹ்லி 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இங்கே நம்ம கின்ராரா மைதானத்தில்தான் தூக்கினார் என்று மாமாக் கடையில் நம்ம பையன்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த தடவை அந்தப் பேச்சு வந்தால், இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடிய கோலாலம்பூர்க்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தே தாரிக் காசு அவர்கள் கணக்கில்.