ரெசொலூட் பே (கனடா ஆர்க்டிக்) ஓடுதளக் குறிப்புகள்

ஜனவரி 19
காலையில் -40°C, காற்றே இல்லை. இந்த மாதிரி நாளில், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் உயரமானி காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குளிரில் காற்று அடர்ந்துவிடுவதால், மேலே போகப்போக அழுத்தம் சீக்கிரமாகக் குறையும். தரையில் சரியாகக் காட்டும் அதே கருவி, உயரம் கூடக்கூட இல்லாத உயரத்தைக் காட்டும். ஓடுதளத்துக்கு மேல் நிஜமாகவே 1000 அடியில் பறக்க, அட்டவணைப்படி இன்று 240 அடி கூட்ட வேண்டும். மறந்தால், கருவி 1000 காட்டும்போது இருட்டில் ஏறக்குறைய 200 அடி தாழ்வாக வருவோம்.

ஜனவரி 20
ட்வின் ஆட்டர் (சிறிய இரட்டை எஞ்சின் விமானம்) ராத்தங்கல். பேட்டரி கழற்றி உள்ளே வைத்தாச்சு. எஞ்சின்களுக்கு உறை போட்டு, அதற்குள் ஹீட்டர் குழாய். எண்ணெய் -40-க்குக் கீழே போனால் அதன் பிடி6 எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இறக்கையில் உலர்ந்த பனித்தூள் மட்டும் என்றால் துடைப்பமே போதும். சூடான கிளைக்கால் (பனி நீக்கும் திரவம்) அடித்தால் ஈரமாகி, அடுத்து விழும் தூளும் ஒட்டிக்கொள்ளும். சொரசொரவென்று பிடித்திருக்கும் உறைபனிக்குத்தான் கிளைக்கால்.

பிப்ரவரி 6
நவம்பர் முதல் வாரத்தில் மறைந்த சூரியன் இந்த வாரம் எட்டிப்பார்க்கிறது. பழைய விமானிகளுக்கு இது வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல, திசைக்காகவும் வேண்டியிருந்தது. இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட நேர்க்குத்தாகக் கீழே இறங்குவதால், திசைகாட்டி முள் சோம்பிக் கிடக்கும். அதனால்தான் நம் ஓடுதள எண்கள் காந்த வடக்கை வைத்து அல்ல, உண்மை வடக்கை வைத்து: 17T, 35T (170, 350 பாகை; T என்றால் True, உண்மை வடக்கு). ஜைரோவை (சுழலும் சக்கரத்தால் திசை காட்டும் கருவி) நம்பலாமென்றால், பூமி சுழல்வதாலேயே அது இந்த அட்சரேகையில் மணிக்குச் சுமார் 14.5 பாகை விலகும். சூரியனைப் பார்த்துத் திருத்துவார்கள். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் ஜைரோவைத் திருத்த மறக்கக் கூடாது.

ஜூன் 14
ஓடுதளம் ஏறத்தாழ 6,500 அடி, முழுக்கச் சரளை. மேல்மண் இளகுகிறது, அடியில் இன்னும் ஐஸ். தண்ணீர் இறங்க வழியில்லை. சரளையைச் சமன் செய்யும் கிரேடரை, தரை ஈரமாக இருக்கும்போதே ஓட்டி, உடனே ரோலர் போட வேண்டும். காய்ந்தபின் கிளறினால் பொடி பறந்துபோய்க் கல் மட்டும் தனியாக நிற்கும். புரொப்பெல்லர் முனையைக் கடிப்பது அந்தக் கல்தான். பழைய 737-200 விமானங்களுக்கு முன்சக்கரத்தில் கல் தடுக்கும் தகடும், எஞ்சின் வாய்க்கு முன்னால் காற்றைக் கீழே ஊதும் குழாயும் இருந்தன. ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானத்தில் அந்த வசதி இல்லை; நின்ற இடத்தில் பவர் கூட்டாமல் உருண்டபடியே கூட்டுவது நல்லது. தென்முனையில் இன்று விரலளவு சக்கரத் தடம். மாலைக்குள் மறுபடி ரோலர்.