ஊக்கமருந்து ஆய்வில் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது?

ஊக்கமருந்து குறித்து விளையாட்டு வீரர்களின் மனப்பான்மையை அளக்கும் ஆய்வுகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவற்றில் அடிக்கடி எதிர்ப்படுவது ஆண்ட்ரியா பெட்ரோச்சி உருவாக்கிய அளவுகோல். அதில் 17 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்பதை 6 படிகளில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். மதிப்பெண் 17க்கும் 102க்கும் இடையில் அமையும். அது கூடினால் ஊக்கமருந்தின்பால் இணக்கமும் கூடுதல் என்று பொருள். எளிய கருவிதான். ஆனால், உண்மை வெளிப்பட்டால் பிழைப்பையே இழக்கக்கூடிய ஒருவர் மனத்தில் உள்ளதை அப்படியே குறிப்பாரா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை.

இந்த ஐயத்துக்கு விடை தேடிய முயற்சி ஒன்று 2011இல் நடந்தது. தென்கொரியாவின் தேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியிலும் கத்தாரின் தோஹாவில் நடந்த அரபு விளையாட்டுப் போட்டியிலும் 2,000க்கும் மேற்பட்ட வீரர்களிடம் மறைமுகமாகக் கேள்வி கேட்கப்பட்டது. தமக்குத் தெரிந்த ஒருவரின் பிறந்த தேதியை நினைத்துக்கொண்டு, அதைப் பொறுத்து, தீங்கற்ற கேள்விக்கோ கடந்த 12 மாதங்களில் ஊக்கமருந்து பயன்படுத்தியதுண்டா என்ற கேள்விக்கோ அவர்கள் பதிலளித்தார்கள். ஒருவர் சொன்ன 'ஆம்' எந்தக் கேள்விக்கானது என்பது ஆய்வாளருக்கே தெரியாது. மொத்தக் கணக்கை மட்டும் நிகழ்தகவு கொண்டு பிரித்தெடுக்கலாம். ஊக்கமருந்து பயன்படுத்தியவர்கள் தேகுவில் 43.6 விழுக்காடு, தோஹாவில் 57.1 விழுக்காடு என்று மதிப்பீடு வந்தது. அதே போட்டிகளின் ஆய்வகச் சோதனைகளில் சிக்கியவர்களோ முறையே 0.5, 3.6 விழுக்காடுதான். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் அவசரமாக 'ஆம்' என்று தட்டியவர்களைக் கழித்துப் பார்த்தாலும், இந்த இடைவெளியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

விளையாட்டு மேலாண்மை இங்கேதான் குறுக்கிடுகிறது. சிக்கியவர்கள் குறைவு என்ற எண்ணை ஒரு நிர்வாகம் தன் தூய்மைக்குச் சான்றாகக் காட்டலாம். சோதனை பலவீனமாக இருந்தாலும் அதே எண்தான் வரும். மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை 2012இல் ஊக்கமருந்து வழக்கில் வீழ்த்தியதில் முதன்மையான பங்கு ஆய்வகத்தைவிட, அவருடைய முன்னாள் அணியினர் 11 பேர் உட்பட 26 பேரின் வாக்குமூலங்களுக்கே உரியது. அணியை நடத்திய யோஹான் புரூயினீலுக்கும் 2018இல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அப்படியிருந்தும், உடலில் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்ற விதியின் நிழலில் வளர்ந்ததாலோ என்னவோ, மனப்பான்மை ஆய்வும் பெரும்பாலும் வீரரிடமே வினாத்தாளை நீட்டுகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர், பதக்க எண்ணிக்கையைப் பார்த்து நிதி ஒதுக்குபவர், காயம் ஆறுமுன் களத்துக்குத் திரும்பச் சொல்பவர் ஆகியோரிடம் அது அரிதாகவே போய்ச் சேருகிறது.

அந்தப் பிறந்த தேதி உத்தியைப் பயிற்சியாளர்களிடமும் அணி மேலாளர்களிடமும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அதற்கான வினாத்தாளை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், கடந்த 12 மாதங்களில் தம் வீரர் ஒருவர்மீது சந்தேகம் எழுந்தும் வாய் திறக்காமல் இருந்ததுண்டா என்பதையே முதல் கேள்வியாக வைப்பேன்.