வெள்ளத்தில் நின்ற காரும் பாலிசி வார்த்தைகளும்

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை வண்ணார்பேட்டையில் எங்கள் சித்தப்பாவின் கார் சீட் வரைக்கும் முங்கியது. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்லா, எல்லாம் கிடைச்சிரும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அந்த 'ஃபுல்' என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பைசா வராது. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்குத்தான் அது. வெள்ளம், தீ, திருட்டு எல்லாம் நம் வண்டிக்கே ஆகும் இழப்புக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியில் வரும்.

அதிலும் இன்ஜினில்தான் சிக்கல். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருகினால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அழுந்தாமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கம்பெனி அதை வெள்ளச் சேதம் என்று எடுப்பதில்லை. 'தொடர் இழப்பு', அதாவது வெள்ளத்தால் நேராக வராமல் பிறகு வந்த சேதம் என்று தள்ளிவிடும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் வழி உண்டு. சித்தப்பாவைச் சாவியைத் தொடவே விடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, கதவில் சேறு படிந்த கோடு தெரியப் படம் எடுத்து, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம்.

அப்புறம் தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். பம்பர் மாற்றினால் மீதிப் பாதி நம் கையிலிருந்து. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' சேர்த்தால் இந்த வெட்டு இல்லை. வண்டி முழுசாகப் போனால் ஐடிவி தொகைதான், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்புதான் உச்சம். பிரீமியம் குறைகிறதே என்று அதைக் குறைத்துப் போடச் சம்மதிக்காதீர்கள்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.