லேப் சிஸ்டத்தில் சேமித்த ஃபைல் உண்மையில் எங்கே இருக்கிறது?

பல்கலைக்கழகக் கணினி லேபில் ஃபைல் காணாமல் போனால் முதலில் திட்டு வாங்குவது வைரஸ்தான். பாவம், பெரும்பாலும் அதன் மேல் குற்றமில்லை. நாம் சேமித்ததாக நினைத்த இடம் வேறு, ஃபைல் போன இடம் வேறு. சொந்த லேப்டாப்பில் டெஸ்க்டாப் என்றால் ஒரே இடம். லேபில் அதே டெஸ்க்டாப் எதிரில் இருக்கும் சிஸ்டத்தின் டிஸ்கில் இருக்கலாம், சர்வரில் இருக்கலாம், அல்லது லாகின் செய்யும்போது சர்வரிலிருந்து இறங்கி, லாக் அவுட் செய்யும்போது திரும்ப ஏறுகிற நகலாக இருக்கலாம். பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

செமஸ்டர் தொடங்கியதும் இதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் ஒன்று, டி டிரைவ் இருந்தால் அதில் ஒன்று போடுங்கள். சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்து மறுபடி லாகின் செய்து பாருங்கள். பிறகு இன்னொரு சிஸ்டத்திலும் பாருங்கள். இரண்டிலும் தெரிகிற ஃபைல் சர்வரில் இருக்கிறது. முதல் சிஸ்டத்தில் மட்டும் தெரிந்தால் அது அந்த ஒரு டிஸ்கில்தான் இருக்கிறது. நாளை அந்த இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் உங்களுக்குக் கிடைக்காது. எங்குமே தெரியவில்லை என்றால், அநேகமாக அந்த லேபில் டீப் ஃப்ரீஸ் மாதிரியான மென்பொருள் ஓடுகிறது.

அந்த வகை மென்பொருள் நீங்கள் செய்யும் மாற்றங்களையெல்லாம் டிஸ்கில் தனியாக ஓர் ஓரத்தில் எழுத விடும். ரீஸ்டார்ட் ஆனதும் அந்த ஓரத்தை அப்படியே கைவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை, ஏனென்றால் யாரும் எதையும் அழிக்கவில்லை. கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் இதே கதைதான். சில லேப்களில் இந்தத் துடைப்புக்கு உட்படாத ஒரு டிரைவைத் தனியாக விட்டிருப்பார்கள். எந்த எழுத்து என்று லேப் அசிஸ்டெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த டிரைவை எல்லோரும் திறக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லாத லேபிலும் இரண்டு வழியில் ஃபைல் தொலையும். ஒன்று, மெயிலில் வந்த இணைப்பை டவுன்லோட் செய்யாமல் நேரடியாகத் திறந்து அதிலேயே திருத்துவது. இன்னொன்று, ஜிப்பை விரிக்காமல் அதற்குள் இருக்கும் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து வேலை பார்ப்பது. இரண்டிலும் நிரல் திறப்பது ஒரு தற்காலிக ஃபோல்டரில் இருக்கும் நகலை. சேவ் பொத்தானை நூறு தடவை அழுத்தினாலும் அந்த நகல்தான் மாறும். லாக் அவுட் செய்தால் அந்த ஃபோல்டரும் போய்விடலாம். திருத்தத் தொடங்கும் முன் 'சேவ் அஸ்' கொடுத்து நீங்களே இடம் காட்டுங்கள்.

இறங்கி ஏறும் நகல் முறையில், அதாவது விண்டோஸ் ரோமிங் புரொஃபைலில், தொல்லை வேறு மாதிரி. லாகின் செய்தால் டெஸ்க்டாப் வரப் பல நிமிடம் ஆகிறதா? அநேகமாக டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ வீடியோக்கள் கிடக்கும். அவை மொத்தமும் நெட்வொர்க் வழியே வந்து சேர வேண்டும். பெரிய ஃபைல்களைச் சர்வரில் உங்களுக்குத் தந்திருக்கும் டிரைவுக்கு நகர்த்துங்கள், டெஸ்க்டாப்பில் குறுக்குவழி மட்டும் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சிஸ்டத்தில் லாகின் செய்யவும் வேண்டாம். இரண்டிலும் ஒரே ஃபைலைத் திருத்தினால் ஒன்றின் மாற்றம் மற்றதன்மேல் விழும், எது மிஞ்சும் என்று யூகிப்பது கடினம். 'தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள்' என்ற அறிவிப்பு வந்தால் ஒரு வரிகூடத் தட்டச்ச வேண்டாம். அங்கே டெஸ்க்டாப்பில் வைப்பது லாக் அவுட்டோடு போய்விடும். வெளியே வந்து வேறு சிஸ்டத்துக்கு மாறுங்கள்.

லினக்ஸ் லேபில் ஹோம் ஃபோல்டர் வழக்கமாகச் சர்வரில் இருப்பதால் ஃபைல் தொலைவது குறைவு. அங்கே படுத்துவது கோட்டா. ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் திரை ஒரு கணம் கருத்து மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கும். டெஸ்க்டாப் தொடங்கும்போது ஹோமில் சில சின்ன ஃபைல்களை எழுத வேண்டும். எழுத இடமில்லை, அதனால் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடுகிறது. பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லி அலையாதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும் (எல்லா லேபிலும் இதை அனுமதிக்க மாட்டார்கள்). அதில் லாகின் செய்து எந்த ஃபோல்டர் இடத்தை அடைத்திருக்கிறது என்று பாருங்கள். புள்ளியில் தொடங்கும் மறை ஃபோல்டர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். புள்ளி கேஷ் (.cache) ஃபோல்டரில் இருப்பதைத் தயங்காமல் அழிக்கலாம். பிரவுசரும், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்பும் (pip) தேவையானதை மறுபடி இறக்கிக்கொள்ளும். பைத்தான் வேலைக்காக நிறுவிய அனகோண்டா சூழல்கள் (தொகுப்புகளைத் தனித்தனியாக வைக்கும் ஃபோல்டர்கள்) ஒவ்வொன்றும் சில ஜிபி தின்னும். பழையவற்றை நீக்குங்கள்.

அதே லினக்ஸில் 'ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது' என்று வந்தால், அநேகமாக நீங்கள் இன்னொரு சிஸ்டத்தில் அதை மூடாமல் வந்திருக்கிறீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் தன் புக்மார்க்குகளையும் அமைப்புகளையும் வைக்கும் புரொஃபைல் ஹோமில் இருக்கிறது, ஹோம் எல்லாச் சிஸ்டத்துக்கும் பொது, அதனால் அங்கே போட்ட பூட்டு இங்கேயும் தெரிகிறது. பூட்டு ஃபைலை அழிக்கச் சொல்லும் அறிவுரை இணையத்தில் நிறையக் கிடைக்கும். அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் புக்மார்க்குகள் சிதையலாம். போய் மூடிவிட்டு வருவதே நல்லது.

அனுமதிகளைப் பற்றி ஒரு சொல். புதிதாக உருவாக்கும் ஃபைலைப் பிறரும் படிக்கலாம் என்பது பல லினக்ஸ் அமைப்புகளில் இயல்பு நிலை. அசைன்மெண்ட் ஃபோல்டருக்கு சிஎச்மாட் 700 (chmod 700) கட்டளை கொடுத்துவிடுங்கள், பிறகு உங்களைத் தவிர மற்ற மாணவர்கள் அதைத் திறக்க முடியாது. உங்கள் நிரலை யாரோ பார்த்து எழுதினாலும் விளக்கம் கேட்டு இருவரையும் கூப்பிடுவார்கள்.

எழுந்து போகும்போது லாக் செய்வதா, லாக் அவுட் செய்வதா? தண்ணீர் குடிக்கப் போனால் லாக். விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அழுத்தினால் போதும். அதற்கு மேல் என்றால் லாக் அவுட்தான். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. லாக் ஆகிக் கிடக்கும் சிஸ்டத்தைப் பார்த்தால் அடுத்து வருபவர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துவிடுவார், சேமிக்காதது அதோடு போச்சு. மேட்லேப் போன்ற கணக்கீட்டு மென்பொருள்கள் லேப் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் குறிப்பிட்ட எண்ணிக்கை உரிமங்களில் ஓடினால், திறந்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் ஓர் உரிமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உச்ச எண்ணிக்கை எட்டிவிட்டதாகப் பிழை நான்கு வந்தால், லேபில் எங்கோ நாலைந்து திரைகள் ஆளில்லாமல் லாக் ஆகியிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். தொலைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் இதைக் கவனியுங்கள்: ஜன்னலை மூடினால் இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படும், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

பிரவுசரில் பிரைவேட் ஜன்னலையே திறங்கள். ஆனால் அந்த வகை ஜன்னல் இரண்டு திறந்திருந்து ஒன்றை மட்டும் மூடினால், லாகின் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் மூட வேண்டும். இறக்கிய ஃபைல்கள் டவுன்லோட்ஸில் தங்கும், அவற்றைத் தனியாக நீக்குங்கள். மார்க்‌ஷீட்டும் அடையாள அட்டை நகலும் லேப் சிஸ்டங்களின் டவுன்லோட்ஸில் கிடப்பது கொடுமை. 'இந்தச் சாதனத்தை நம்பு' என்று கேட்கும் பெட்டியில் டிக் வேண்டாம். வெளியே வந்த பிறகு மறந்தது நினைவுக்கு வந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் சாதனங்கள் பட்டியலைத் திறந்து அந்தச் சிஸ்டத்தை வெளியேற்றலாம். வாட்ஸ்அப்பில் 'இணைத்த சாதனங்கள்' பகுதியில் அதையே செய்யலாம். கீபோர்ட் வயருக்கும் யுஎஸ்பி துளைக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஏதாவது செருகியிருந்தால் பாஸ்வேர்ட் அடிக்காமல் லேப் அசிஸ்டெண்டைக் கூப்பிடுங்கள். தட்டச்சைப் பதிவு செய்யும் கருவிகள் அப்படித்தான் இருக்கும்.

பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு கணக்கு திரும்பத் திரும்ப முடங்கினால் ஃபோனைப் பாருங்கள். வளாக வைஃபையும் அதே பாஸ்வேர்டில் இயங்கினால், பையில் கிடக்கும் ஃபோன் பழைய பாஸ்வேர்டோடு இடைவிடாமல் முயன்றுகொண்டிருக்கும். சர்வர் அதைத் தவறான முயற்சியாக எண்ணி முடக்கிவிடும்.

பென்டிரைவில் இரண்டு விஷயம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆனதில் 4 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள ஒற்றை ஃபைல் ஏறாது, எவ்வளவு காலியிடம் இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், அதற்கு முன் உள்ளிருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். லினக்ஸில் நகல் முடிந்ததாகக் காட்டினாலும் கொஞ்சம் நினைவகத்திலேயே இருக்கலாம். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே பிடுங்குங்கள். ஃபோல்டர்களெல்லாம் திடீரென்று குறுக்குவழிகளாக மாறியிருந்தால், அந்த ஒரு தடவை வைரஸைத் திட்டலாம். அந்தக் குறுக்குவழிகளைக் கிளிக் செய்யாதீர்கள். உண்மையான ஃபோல்டர்கள் வழக்கமாக மறைக்கப்பட்டு அங்கேயே இருக்கும், ஸ்கேன் செய்த பிறகு வெளியே கொண்டுவரலாம்.

பிரிண்ட் வரவில்லை என்று மறுபடி மறுபடி கொடுக்காதீர்கள். எல்லாம் வரிசையில் நிற்கும், பிரிண்டர் விழித்ததும் அத்தனையும் வரும், கட்டணமோ பக்கக் கணக்கோ உங்கள் பெயரில்தான். முதலில் பக்க அளவைப் பாருங்கள். ஃபைலில் லெட்டர் என்றும் டிரேயில் ஏ4 என்றும் இருந்தால், வேறு தாள் வரும் என்று பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும், பின்னால் வரிசையில் இருப்பவர்களும் காத்திருப்பார்கள். தமிழில் எழுதிய ஆவணமாக இருந்தால் எழுத்துருவை உட்பொதித்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள். வேர்ட் ஃபைலாகவே கொண்டு போனால், அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் வரி உடைவதும் பக்கம் கூடுவதும் சகஜம்.