பல சமய மாணவர் ஆதரவுப் பணி: விடுதிகளில் கற்றவை

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் விகாரை, குறிஞ்சிக் குமரன் கோயில், பள்ளிவாசல், கிறிஸ்தவ ஆலயம் எல்லாம் இருக்கின்றன. விடுதியிலோ இந்த நான்கு இடங்களுக்கும் போகிறவர்கள் ஒரே அறையில் படுத்து எழும்புகிறார்கள். இப்படியான வளாகத்தில் சக மாணவருக்குத் துணையாக இருக்க முன்வருகிறவர்களில் பலர், தமக்குச் சமய அறிவு போதாதே என்று தயங்குவார்கள். வேதநூல் அறிவு இங்கே அதிகம் தேவைப்படாது. இழவு வீட்டு முறைகளும் நோன்புக் காலமும் சாப்பாட்டு நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

மரணச் செய்தி வரும் இரவுதான் பெரிய சோதனை. முஸ்லிம் வீட்டில் ஜனாஸா (இறந்தவரின் உடல்) அன்றே அல்லது மறுநாளே அடக்கப்பட்டுவிடும். காத்தான்குடி மாணவருக்கு இரவு ஒன்பது மணிக்குத் தகப்பனின் மௌத்துச் செய்தி வந்தால், ஆறுதல் பேச்சு பிறகு. முதலில் வாகனம், கூடப் போக ஒருவர், வார்டனின் அனுமதி, வழிச்செலவுக்குக் காசு. இந்த நான்கையும் ஒரு தொண்டரே ஓடித் திரிந்து செய்யக்கூடாது. ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் அலைய வேண்டும்.

அவர் திரும்பி வந்தபிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. தாய்க்கு இத்தா, அதாவது கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம், நான்கு மாதமும் பத்து நாளும். அதுவரை வெளி அலுவல்கள் மூத்த பிள்ளையின் தலையில் விழும். வெள்ளிதோறும் ஊருக்குப் போவதைப் படிப்பில் அக்கறைக் குறைவு என்று எண்ணிவிடக்கூடாது. பௌத்த வீட்டில் ஆறாம் நாள் இரவு பண எனும் பிக்குவின் அறவுரையும், ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவளிக்கும் தானமும் நடக்கும். மூன்று மாதத்தில் மீண்டும் தானம் வரும். யாழ்ப்பாணச் சைவ வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்ற ஈமச் சடங்கு. அதுவரை துடக்கு (மரணத் தீட்டு) என்பதால் கோயிலுக்குப் போகமாட்டார்கள். இது தெரியாத தொண்டர், நல்ல மனதோடு, “கோயிலுக்குப் போய்வாங்கோ, மனம் ஆறும்” என்று சொல்லிவிடுவதுண்டு. கேட்கிறவருக்கு அது இன்னொரு கதவு சாத்தப்பட்டதுபோல் இருக்கும். நாற்பதாம் நாள் ஓதுவதை எல்லா முஸ்லிம் குடும்பங்களும் ஏற்பதில்லை. மலையகத்தில் கருமாதி நாள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆகவே தெரிந்ததுபோல் பேசாமல், “உங்கட வீட்டில் எப்படி?” என்று கேட்பதே சரி. பதிலைக் குறித்துவைத்து, அந்த நாள் வரும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அதுவே பெரிய உதவி.

பேச்சில் நடக்கும் பெரிய தவறு, விளக்கம் சொல்வது. “கர்மபலன்”, “அல்லாஹ்வின் நாட்டம்”, “கர்த்தர் சோதிக்கிறார்” என்று துயரப்படுகிறவர் தானே சொல்லலாம். தொண்டர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஒரே சமயத்தவராக இருந்தாலும். அவர் சொன்னால், அந்த நினைப்பு தெம்பு தருகிறதா, பாரமாக இருக்கிறதா என்று கேட்கலாம். பெரும்பாலும் அங்கேதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். சேர்ந்து பிரார்த்திக்கச் சொன்னால், வேறு சமயத்தவர் அமைதியாகப் பக்கத்தில் இருந்தால் போதும். விரும்பினால் அவர் சமயப் பெரியவர் ஒருவரிடம் தொடர்பு ஏற்படுத்திக் கொடுக்கலாம். தன் சமயத்துக்கு ஆள் சேர்க்கிறார் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் முழுக் குழுவின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

ரமழானில் சஹர் (நோன்பு தொடங்குமுன் உண்ணும் விடியற்காலைச் சாப்பாடு) நேரத்துக்கு முன் சமையலறை திறந்திருக்க ஏற்பாடு வேண்டும். நோன்பில்லாத மாணவியிடம் காரணம் கேட்கவே கூடாது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகான காலத்தை நினைத்துப் பார்க்கலாம். துக்கத்தில் இருந்த கத்தோலிக்க மாணவர்களும், சந்தேகப் பார்வைக்குள்ளான முஸ்லிம் மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். இப்படியான நேரத்தில் உடனே ஒற்றுமைக் கூட்டம் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அவசரப்படக் கூடாது என்பதே எங்கள் கருத்து. முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மேடையில் கைகோத்து நிற்கச் சொன்னால் பயமும் கோபமும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

சந்திக்கும் அறை மாணவர் ஒன்றியத்தின் அறையாகவோ வழிபாட்டிடத்தின் பக்கமாகவோ இருந்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள். எந்த நேரமும் இருவர் இருக்க வேண்டும். ஒருவருக்காவது சிங்களமும் தமிழும் வேண்டும். வந்தவரின் அறைத்தோழரை மொழிபெயர்க்க வைத்தால், அந்த அறைத்தோழரைப் பற்றிய முறைப்பாட்டையே சொல்ல முடியாமல் போகலாம்.

பேசியதை வெளியே சொல்வதில்லை என்று உறுதி கொடுக்கும்போதே விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்தென்றால் மறைக்க மாட்டோம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமென்றால் தனியே விடாமல், மாணவ ஆலோசகரிடமோ சுகாதார நிலையத்திடமோ கையளிக்கும்வரை கூட இருக்க வேண்டும். இரவில் தேசிய மனநல உதவி எண் 1926 இருக்கிறது. பகிடிவதை (ராகிங்) 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதைச் சமாதானம் பேசித் தீர்ப்பது தொண்டரின் வேலையல்ல.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் காது கேட்கும், மனம் கேட்காது. வாரமொருமுறை பொறுப்பாளரிடம் பெயர் சொல்லாமல் மனதிலுள்ளதை இறக்கிவைக்க வேண்டும். இறுதியாண்டினர் பரீட்சைக்காக விலகும்போது, தாங்கள் கவனித்துவந்த மாணவரிடம் முன்கூட்டியே சொல்லி, அடுத்தவரை நேரில் அறிமுகப்படுத்திவிட்டே போக வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால், அந்த மாணவர் புதியவரைத் தேடி வருவது அரிது.